ஓட்டுகிறவர் இல்லாமல் எழுதிய புரோகிராம்

அன்று ஷெட்டில் நான்கு பேர் இருந்தோம். ஷெட்டின் உரிமையாளர் சேவியர் அண்ணன், அவரிடம் வேலை பார்த்த நான், வேலைக்கு வந்திருந்த வேனின் சொந்தக்காரர் குமரேசன், அவர் மனைவி மல்லிகா. மல்லிகா அக்கா வேனை விட்டு இறங்கவில்லை. மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு நடு சீட்டில் உட்கார்ந்து கண்ணாடி வழியாக எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். வராதவர் ஒரே ஒருவர்தான். அந்த வேனை ஞாயிறு தவிர மற்ற எல்லா நாளும் சவாரிக்கு ஓட்டுகிற ஏழுமலை, மல்லிகா அக்காவின் தம்பி. அவர் வராததை அன்று யாரும் ஒரு குறையாக நினைக்கவில்லை.

நான் படித்த பாலிடெக்னிக்கின் ஆண்டு மலருக்கு, ஓய்வு பெற்றவர்களின் பணி அனுபவம் என்று ஒரு பகுதி உண்டு. அதற்கு எழுதித் தரும்படி மூன்று மாணவர்கள் வந்து கேட்டபோது சிரித்துவிட்டேன். எனக்கு வயது முப்பத்து மூன்று.

"நான் இன்னாடா ரிட்டயர்டு? எனக்கு இன்னும் கல்யாணமே ஆவல."

"ஆளு ரிட்டயர்டு இல்லண்ணா. வேல ரிட்டயர்டு ஆயிடுச்சி இல்ல?" என்றான் ஒருவன்.

அவன் சொன்னது சரி. காரின் எஞ்சினுக்கு எப்போது எவ்வளவு டீசல் போக வேண்டும், சும்மா நிற்கும்போது எவ்வளவு வேகத்தில் சுற்ற வேண்டும் என்றெல்லாம் முடிவு செய்கிற ஒரு சின்னக் கம்ப்யூட்டர் இருக்கிறது. மெக்கானிக்குகள் ஈசிஎம் என்பார்கள். அதைத் திறந்து, அதற்குள் இருக்கும் புரோகிராமை மாற்றி, கம்பெனி கொடுக்காத வசதிகளைச் சேர்ப்பதுதான் செங்கல்பட்டில் எட்டு வருடம் நான் பார்த்த வேலை. இப்போது வருகிற வண்டிகளின் ஈசிஎம்கள் பூட்டோடு வருகின்றன. கம்பெனியின் ரகசியக் கையொப்பம் இல்லாமல் எதை எழுதினாலும் ஏற்றுக்கொள்வதில்லை. பழைய வண்டிகளும் குறைந்துவிட்டன. சேவியர் அண்ணன் அதே ஷெட்டில் பேட்டரி ஸ்கூட்டர் ரிப்பேர் பார்க்கிறார். நான் வண்டி ஒயரிங் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். பூட்டியவர்களை நான் திட்டுவதில்லை. ஏன் திட்டுவதில்லை என்பது படித்துக்கொண்டே போனால் தெரியும்.

மாணவர்கள் கேட்டது எப்படி ஹேக் செய்வது என்று. நான் சொல்லப்போவது அது அல்ல, அதனால் கொஞ்சம் ஏமாற்றம் இருக்கும்.

என் ஊர் படாளம் பக்கம். அப்பா அம்மா இரண்டு பேரும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். டிப்ளமோ முடித்துவிட்டு வேலைக்குச் சேர்ந்த அன்று, காருக்குள் இருக்கும் கம்ப்யூட்டரில் எழுதுகிற வேலை என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"எழுதறதுக்கு கூலி குடுக்கறாங்களா?"

"குடுக்கறாங்க நைனா."

"அப்ப தப்பில்லாம எழுது."

முதல் இரண்டு வருடங்களைச் சொல்ல அதிகம் இல்லை. செத்த ஈசிஎம்களைப் பிரித்து சால்டரிங் பழகினேன். எண்களும் எழுத்துகளும் கலந்து பக்கம் பக்கமாக ஓடும் நினைவகத்தைப் பார்த்து, இது டீசல் அளவு அட்டவணை, இது வேகக் கட்டுப்பாடு, இது வெறும் காலியிடம் என்று பிரிக்கக் கற்றேன். சாவி போட்டால் விளக்குகூட எரியாத நிலைக்கு ஒரு வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தி, மறுபடி உயிர் கொடுத்தேன். அவ்வளவுதான். மற்றதெல்லாம் சேவியர் அண்ணனின் பக்கத்தில் நின்று பார்த்தது.

சேவியர் அண்ணனுக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். டீசல் பம்பு கடையில் தொடங்கி இந்த வேலைக்கு வந்தவர். குரல் உயராது. வாடிக்கையாளர் வந்ததும் லேப்டாப்பைத் திறக்கமாட்டார். "ஒரு ரவுண்டு போலாம் வா" என்று வண்டியில் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்துகொள்வார். பரனூர் டோல்கேட் வரைக்கும் போய்த் திரும்புவார்கள். வழியில் அவர் கேட்பது ஒரே கேள்வி. என்ன வேண்டும் என்று கேட்கமாட்டார். "வண்டி உன்ன எப்போ பேஜாரு பண்ணுது?" என்பார். வண்டி எப்போது தொல்லை கொடுக்கிறது என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும்.

ஒரு தடவை மாமல்லபுரம் ரிசார்ட் ஒன்றின் முதலாளி வீட்டுப் பையன் புத்தம் புதுக் காரோடு வந்தான். ஆக்சிலேட்டரை விட்டதும் சைலன்சரில் பட் பட்டென்று வெடிச் சத்தம் வர வேண்டும் என்றான். அப்போது அது ஒரு நாகரிகம். புரோகிராமில் ஒரு சின்ன மாற்றம் போதும், எரியாத எரிபொருள் குழாயில் போய் வெடிக்கும்.

"இது உன்ன எப்போ பேஜாரு பண்ணுது?" என்று கேட்டார் அண்ணன்.

"பேஜாரெல்லாம் இல்லண்ணா. சும்மா கெத்துக்கு."

"பட்டாசு வேணும்னா தீபாவளிக்கு வா தம்பி. துட்டு மிச்சம்."

பையன் வேறு கடைக்குப் போய்விட்டான். வந்த பணம் போகிறதே என்று முனகினேன். அந்த மாதம் எங்களுக்கு வேலை குறைவு. அண்ணன் கண்டுகொள்ளவே இல்லை. பட்டாசு வேலை, புகை வடிகட்டியைக் கழற்றிவிட்டு அது இருப்பதாக ஈசிஎம்மை நம்பவைக்கிற வேலை, பள்ளி வேனின் வேகக் கட்டுப்பாட்டை எடுக்கிற வேலை, மூன்றும் எங்கள் ஷெட்டில் கிடையாது. பிறகு என்னதான் செய்தோம் என்று கேட்கலாம். முழங்கால் தேய்ந்தவர்களுக்கு ஆக்சிலேட்டரை மென்மையாக்கிக் கொடுத்தோம். ஏரிக்கரைச் செங்கல் சூளைகளுக்குப் போகிற சின்ன லாரிகளுக்கு முதல் கியரில் சக்கரம் சேற்றில் சுழலாதபடி இழுவையைக் கட்டுப்படுத்தினோம். இரட்டை எரிபொருள் டாக்சிகளுக்கு கேஸ் தீரும் முன்பே மீட்டரில் விளக்கு எரிய வைத்தோம். பெரிய வேலைகள் இல்லை. ஆனால் அடுத்த வாரம் அவர்கள் வேறு ஒருவரைக் கூட்டிவருவார்கள்.

வேலை செய்கிற முறை மாறாது. ஈசிஎம்மைக் கழற்றும் முன் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும். மேஜை மேல் வைத்து, பேட்டரியிலிருந்து அல்லாமல் நிலையான மின்சாரப் பெட்டியிலிருந்து கரண்ட் கொடுக்க வேண்டும். உள்ளே இருப்பதை முழுசாக ஒரு முறை படித்து எடுக்க வேண்டும். பிறகு இன்னொரு முறை. இரண்டும் ஒரு எழுத்து விடாமல் ஒன்றாக இருந்தால்தான் அடுத்த படி. இல்லையென்றால் ஒயரை மாற்றி மறுபடி முதலிலிருந்து. புது வசதிக்கான வரிகளைக் காலியிடத்தில் எழுதிவிட்டு, பழைய புரோகிராமில் ஓரிடத்தில் மட்டும், இங்கே வந்ததும் அங்கே போய்ப் பார்த்துவிட்டு வா என்று ஒரு திருப்பம் வைப்போம். அதன் பிறகு மொத்தத்தையும் கூட்டிச் சரிபார்க்கும் எண்ணைத் திருத்த வேண்டும். அது தப்பானால் வண்டி கிளம்பாது.

திரும்ப எழுதுகிற அந்த நான்கைந்து நிமிடம் ஷெட்டில் யாரும் பேசமாட்டோம். வண்டியில் வைத்தே எழுதுகிறோம் என்றால் கதவைத் தொடக்கூட அண்ணன் விடமாட்டார். கதவு திறந்தால் உள் விளக்கு எரியும், விளக்கு எரிந்தால் வோல்டேஜ் ஒரு நொடி இறங்கும். அந்த ஒரு நொடி போதும். ஒருமுறை வண்டிக்காரர் ஒருவர் பர்ஸை மறந்துவிட்டேன் என்று கதவுப் பிடியில் கை வைத்தார். சேவியர் அண்ணன் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டது அன்று மட்டும்தான்.

இப்போது அந்த வேன்.

குமரேசன் கல்பாக்கத்தில் ஒப்பந்த டெக்னீஷியன். மல்லிகா அக்காவுக்கு நுரையீரல் இறுகிப்போகிற நோய். வீட்டில் கரண்டில் ஓடும் ஆக்சிஜன் மிஷின் இருந்தது. வாரா வாரம் செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். வேனில் இன்வெர்ட்டர் வைத்து அந்த மிஷினை ஓட்டினார்கள். ஓடும்போது சிக்கல் இல்லை. வழியில் எங்காவது மாட்டிக்கொண்டு நின்றால், எஞ்சின் மெதுவாகச் சுற்றும், ஆல்டர்னேட்டர் தருகிற கரண்ட் போதாது, ஏசியும் மிஷினும் சேர்ந்து பேட்டரியைக் குடித்துவிடும். கொஞ்ச நேரத்தில் இன்வெர்ட்டர் கத்தத் தொடங்கும். பிறகு நின்றுவிடும். மிஷின் நின்றால் அக்காவுக்கு மூச்சு இல்லை. கைவசம் ஒரு சின்ன சிலிண்டர் உண்டு, அது அதிக நேரம் தாங்காது.

"எப்போ பேஜாரு பண்ணுதுன்னு கேட்டீங்களே, நிக்கும்போதுதான். வேற ஒண்ணும் இல்ல," என்றார் குமரேசன்.

வேனுக்குள்ளிருந்து மல்லிகா அக்கா சொன்னார், "நின்னா இவருக்கு பேஜாரு. எனக்கு பேச்சே நின்னு போவுது."

இதற்குப் புரோகிராமில் வழி உண்டு. ஒரு பொத்தானை அழுத்தினால் நிற்கும்போது எஞ்சின் கொஞ்சம் வேகமாகச் சுற்ற வேண்டும். ஆல்டர்னேட்டர் முழுதாகக் கொடுக்கும், பேட்டரி இறங்காது. பின் கண்ணாடியின் பனியைப் போக்குகிற பொத்தான் ஒன்று இருக்கிறதே, நம் ஊரில் யாரும் தொடாதது, அதையே எடுத்துக்கொள்ளலாம் என்றேன். அண்ணனுக்குப் பிடித்திருந்தது. ஆனால் அவருக்கு ஒரு பிடிவாதம்: எஞ்சின் தானாக வேகம் ஏறுகிற எந்த வசதிக்கும், வண்டி நகராது என்பது உறுதியாக வேண்டும். எனவே மூன்று நிபந்தனைகள் வைத்தோம். பொத்தான் அழுத்தியிருக்க வேண்டும். வண்டியின் வேகம் சுழியமாக இருக்க வேண்டும். கை பிரேக் இழுத்திருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் எஞ்சின் ஏறும்.

அண்ணன் வழக்கம்போல ஒரு ரவுண்டு போனார். ஓட்டியது குமரேசன். டோல்கேட்டில் நின்றார், கை பிரேக் இழுத்தார். சிக்னலில் நின்றார், கை பிரேக் இழுத்தார். டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுத்தது மாறாமல் ஓட்டுகிறவர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வண்டி எடுப்பவர்கள் அப்படித்தான் ஓட்டுவார்கள். மற்ற நாளில் அவர் கம்பெனி பஸ்ஸில் போய்விடுவார்.

அக்காவின் மிஷினுக்கு ஷெட்டிலிருந்து கரண்ட் கொடுத்துவிட்டு எழுதினோம். எதிர்பார்த்தபடி வேலை செய்தது. பொத்தானை அழுத்தி, கை பிரேக்கை இழுத்ததும் எஞ்சின் சத்தம் ஒரு படி ஏறியது. மல்லிகா அக்கா இன்வெர்ட்டரின் பச்சை விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். அரை மணி நேரம் ஏசியோடு ஓடவிட்டோம். பேட்டரி இறங்கவில்லை.

"உங்க மச்சான்கிட்ட சொல்லிடுங்க. நிக்கும்போது இந்த பொத்தான அழுத்தினா போதும்," என்றேன் நான்.

குமரேசன் சொல்லிவிட்டார். நான் சொன்ன வாக்கியத்தை அப்படியே சொல்லியிருக்கிறார்.

இரண்டு வாரம் கழித்து ஒரு பகல் வேளை. ஏழுமலை அக்காவை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பக் கூட்டிப்போகிறார். திருக்கழுக்குன்றம் தாண்டி ஒரு லாரி சாய்ந்து ரோடு அடைத்துக்கிடக்கிறது. முன்னாலும் பின்னாலும் வண்டிகள். ஏழுமலை பொத்தானை அழுத்தினார். பொத்தானில் விளக்கு எரிந்தது. எஞ்சின் ஏறவில்லை. ஏறியிருக்கும் என்று அவர் நினைத்துக்கொண்டார். சுற்றிலும் ஹாரன் சத்தத்தில் அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை.

இந்த இடத்தில் நான் பல நாள் நின்று யோசித்திருக்கிறேன். நாங்கள் தொடுவதற்கு முன்னால், அந்த வேன் எங்காவது மாட்டிக்கொண்டால் ஏழுமலை ஆக்சிலேட்டரில் லேசாகக் கால் வைத்தபடியே உட்கார்ந்திருப்பார். ஒரு மணி நேரமானாலும் அப்படியே. இன்வெர்ட்டர் நின்றுபோனதெல்லாம் குமரேசன் ஓட்டும்போதுதான். யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை, இன்வெர்ட்டர் கத்தியதைக் கேட்டுக் கேட்டு அவர் கால் பழகியிருந்தது. இனிமேல் பொத்தான் போதும் என்று நாங்கள் சொன்னதும் அந்தக் காலை எடுத்துவிட்டார். நடந்தது எங்கள் வசதி வேலை செய்யாமல் போனது மட்டுமல்ல. வேலை செய்துகொண்டிருந்த ஒன்றை அது நிறுத்திவிட்டது.

இன்வெர்ட்டர் நின்றது. சிலிண்டரைத் திறந்தார். அது பாதிதான் இருந்தது. வேனைத் திருப்ப இடமில்லை. ஒரு மீன் வண்டிக்காரர் இறங்கி வந்து மற்ற வண்டிகளை ஓரம் கட்டச் சொல்லிக் கத்தி வழி எடுத்துக்கொடுத்திருக்கிறார். பெரிய ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போக நேரமில்லாமல், வழியில் இருந்த ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தார்கள். உதடெல்லாம் நீலமாக இருந்தது என்று பிறகு ஏழுமலை சொன்னார். அக்கா பிழைத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் குமரேசன் வேனோடு ஷெட்டுக்கு வந்தார். சத்தம் போட்டு நான் பார்த்திராத மனிதர்.

"பொத்தான அழுத்தினா போதும்னீங்களே. இன்னாய்யா எழுதனீங்க? என் பொண்டாட்டி ரோட்ல கெடந்து வாய பொளந்துகினு கீறா. நீங்க இங்க ஏசி போட்டுகினு எழுதிகினு கீறீங்க!"

சேவியர் அண்ணன் மன்னிப்பும் கேட்கவில்லை, மறுக்கவும் இல்லை. சேர் எடுத்துப் போட்டார். கை கழுவினார். லேப்டாப்பை இணைத்தார். காலியிடத்தில் நாங்கள் ஒரு சின்னக் குறிப்பும் எழுத வைத்திருந்தோம். பொத்தான் அழுத்தப்படுகிற ஒவ்வொரு முறையும் மூன்று நிபந்தனைகளும் எப்படி இருந்தன என்று அது பதிந்துகொள்ளும். படித்து எடுத்தோம். பொத்தான், ஆம். வேகம் சுழியம், ஆம். கை பிரேக், இல்லை. அந்த ஒரு நாள் மட்டுமல்ல. இரண்டு வாரமாக ஏழுமலை பொத்தானை அழுத்திய ஒவ்வொரு இடத்திலும் கை பிரேக், இல்லை.

எனக்கு உடம்பே லேசானது. உண்மையைச் சொன்னால் சந்தோஷம்தான். அண்ணன் காதருகில் மெல்லச் சொன்னேன், "நம்ம புரோகிராம் சரியாத்தான் கீதுண்ணே. அவரு கை பிரேக் போடல."

"சரியாத்தான் கீது. பேஜாரே அதான்," என்றார் அண்ணன். பிறகு குமரேசனைப் பார்த்து, "உங்க மச்சான் எங்க இருப்பாரு இப்போ?"

"மகாபலிபுரம் ஸ்டாண்டுல."

"வாங்க, போலாம்."

மூன்று பேரும் அதே வேனில் போனோம். கடற்கரைக்குப் போகிற தெருவில் வேன் ஸ்டாண்டு. மத்தியான வெயில், சவாரி இல்லாத நேரம். வண்டிகள் வரிசையாக நின்றன. இறங்கியதும் அண்ணன் நடந்துகொண்டே ஒவ்வொரு வண்டியின் பின் சக்கரத்தையும் பார்த்தார். நானும் பார்த்தேன். எல்லாச் சக்கரத்துக்கும் பின்னால் ஒரு கல். சிற்பக் கூடங்களில் உடைந்து ஒதுக்கிய கருங்கல் துண்டுகள். ஒன்றில் பாதி செதுக்கிய யானைக் கால் இருந்தது, நகம் வரைக்கும் அழகாக. இன்னொன்றில் ஏதோ தாமரை இதழ். அதன் மேல் டயர் ஏறி நின்றது.

ஏழுமலை வண்டிக்காரர்களோடு நிழலில் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்தார். முகம் கடுகடுவென்று இருந்தது. நாங்கள் தப்பை அவர் மேல் போட வந்திருக்கிறோம் என்று நினைத்தார்.

"மாமா, நான் பொத்தான அமுக்கினேன். அக்கா மேல சத்தியமா அமுக்கினேன்."

"தெரியுது, நீ அமுக்கின. ஹேண்ட் பிரேக் இழுத்தியா?" என்றார் சேவியர் அண்ணன்.

"இன்னா பிரேக்கு?"

"ஹேண்ட் பிரேக்கு."

ஏழுமலை எங்களை ஒரு மாதிரி பார்த்தார். பக்கத்தில் இருந்த வண்டிக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். "அண்ணாத்த எந்த ஊரு?" என்றார் ஒருவர்.

"செங்கல்பட்டு."

"அதான. இங்க அத்த இழுத்தா அதோட சரி அண்ணாத்த, திரும்பி வராது. உப்பு காத்துல கேபிளு உள்ளயே பூத்து புடிச்சிக்கும். இவன் போன மாசம் மறந்து போயி இழுத்துட்டான்," என்று அந்த வண்டிக்காரர் தன் பக்கத்தில் இருந்த நண்பரைக் காட்டினார். "சக்கரத்த கழட்டி டிரம்ம சுத்தியால தட்டிகினு கெடந்தான் ஒரு பகல் பூரா. வெள்ளக்கார சவாரி கோச்சிகினு ஆட்டோல போய்டுச்சி."

"டேய், அத்த இன்னும் எத்தினி பேர்கிட்ட சொல்லுவ?" என்றார் அந்த நண்பர்.

"அப்ப வண்டி எப்படி நிறுத்துவீங்க?" என்று கேட்டேன் நான்.

"கல்லு வெப்போம். இன்ஜின் ஓடிகினு இருந்தா கால் பிரேக்கு. வேற இன்னா?"

குமரேசனுக்கே இது புதிது. கல்யாணமாகி இத்தனை வருடம் அந்தக் கரையில் குடியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை அவர் இழுக்கிற கை பிரேக் மட்டும் எப்படித் திரும்பி வருகிறது என்று நான் கேட்டதற்கு ஏழுமலை சொன்னார், "மாமா இழுக்கறாருன்னு தெரிஞ்சிதான் நான் மாசா மாசம் கேபிளுக்கு ஆயில் வுடறேன். சொன்னா கோச்சிக்குவாரு."

"அன்னிக்கி நீ ஏன் ஷெட்டுக்கு வரல?" என்றார் சேவியர் அண்ணன்.

"எவன் கூப்டான்? மாமா இட்டுகினு போனாரு, இட்டுகினு வந்தாரு. பொத்தான்னாரு. சரின்னேன்."

திரும்பி வரும்போது அண்ணன் வண்டியை ஏழுமலையை ஓட்டச் சொன்னார். பக்கத்து சீட்டில் தான் உட்கார்ந்துகொண்டார். வழியெல்லாம் அவர் கால்களையே பார்த்துக்கொண்டு வந்தார். எங்கே கிளட்ச் மிதிக்கிறார், எங்கே விடுகிறார், நின்றதும் எந்தக் காலை எங்கே வைக்கிறார். பரனூர் ரவுண்டில் பார்த்திருக்க வேண்டியது இந்தக் கால்களைத்தான், குமரேசனுடையதை அல்ல.

ஷெட்டில் புதுசாக யோசித்தோம். கை பிரேக்கை விட்டுவிட்டால் வண்டி நகராது என்பதை எப்படி உறுதி செய்வது? கியர் எதில் இருக்கிறது என்று இந்த வண்டியின் ஈசிஎம்முக்குத் தெரியாது. ஆனால் கிளட்ச் மிதித்திருக்கிறதா என்று தெரியும். எஞ்சின் ஓடுகிறது, கிளட்சில் கால் இல்லை, வண்டியும் நகரவில்லை என்றால் கியர் நியூட்ரலில்தான் இருந்தாக வேண்டும். வேறு வழியே இல்லை, இல்லையென்றால் எஞ்சின் அணைந்திருக்கும். எனவே கிளட்ச் விட்டு, வண்டி நின்று சில நொடி ஆனால் எஞ்சின் ஏறட்டும். கிளட்சில் கால் பட்ட உடனே இறங்கட்டும். ஏழுமலை கியர் போடும் முன் அது பழைய வேகத்துக்கு வந்துவிட வேண்டும். பொத்தானையும் எடுத்துவிட்டோம். இன்வெர்ட்டர் ஓடினாலே தானாக வேலை செய்யும்படி ஒரு ஒயர் இழுத்தோம். எஞ்சின் உண்மையிலேயே ஏறினால் மட்டும் எரிகிற விளக்கு ஒன்றை மீட்டருக்குப் பக்கத்தில் வைத்தோம். அழுத்தினேன் என்று சொல்கிற விளக்கு இல்லை. நடந்தது என்று சொல்கிற விளக்கு.

ஏழுமலை ஷெட்டிலேயே இருந்தார். அன்றைய மீதிச் சவாரியை விட்டுவிட்டு. ஷெட்டுக்குப் பின்னால் இருந்த காலி மனையில் சோதித்துப் பார்த்தோம். எஞ்சின் ஏறியிருக்கும்போது அவர் அவசரமாகக் கிளட்ச் மிதித்து கியர் போட்டால் வண்டி பாய்கிறதா என்று பார்க்க வேண்டும். அண்ணன் என்னைத் தூரத்தில் நின்று கவனிக்கச் சொன்னார். நான் வேனுக்கு முன்னாலேயே போய் நின்றேன்.

"யாரு நிக்கறது? இந்த தம்பியா? இன்சூரன்ஸ் கீதா?" என்றார் ஏழுமலை ஜன்னலில் தலையை நீட்டி.

"எழுதனவன் நானு. நிக்கறேன்."

"அப்ப நில்லு. எங்க அக்காவும் நீ எழுதினத நம்பித்தான் உக்காந்துகினு இருந்துச்சி."

பாயவில்லை. முதல் தடவை கொஞ்சம் துள்ளியது. இறங்குகிற வேகத்தைக் கூட்டி எழுதினோம். பிறகு துள்ளவும் இல்லை. இருட்டும் வரை அவரை வேண்டுமென்றே தப்பாக ஓட்டச் சொன்னார் அண்ணன். பாதிக் கிளட்ச், கிளட்ச் மேலேயே காலை வைத்துக்கொண்டு நிற்பது, கியரில் இருந்துகொண்டே கிளட்சை மிதித்துக்கொண்டு நிற்பது. அலுப்பில்லாமல் செய்தார். அன்றைய கூலியை அண்ணன் நீட்டியபோது, வாங்கிக்கொண்டார். அது எனக்குப் பிடித்திருந்தது.

அதன் பிறகு ஷெட்டில் முறை மாறியது. வண்டியை யார் ஓட்டுகிறாரோ அவர் வராமல் லேப்டாப் திறப்பதில்லை. முதலாளிகள் முனகுவார்கள், டிரைவருக்கு ஒரு நாள் போய்விடும் என்பார்கள். அந்த நாளுக்கு ஷெட் கூலி கொடுக்கும் என்பார் அண்ணன். இதனால் வேலையும் குறைந்தது. புது வண்டிகளைப் பூட்டி அனுப்புகிறவர்களை நான் ஏன் திட்டுவதில்லை என்றால் இதனால்தான். நாங்கள் நல்லது நினைத்து எழுதியதுதான் அக்காவின் உதட்டை நீலமாக்கியது. பூட்டு இருந்திருந்தால் ஏழுமலையின் கால் ஆக்சிலேட்டரிலேயே இருந்திருக்கும். ஆனால் பூட்டியவர்களும் மாமல்லபுரம் ஸ்டாண்டுக்கு வந்து பார்த்திருக்கமாட்டார்கள். இரண்டையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. எனக்கு இன்னும் ஒரு முடிவு வரவில்லை.

வேனைத் திரும்பக் கொடுத்த அன்று மல்லிகா அக்காவும் வந்திருந்தார். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது, புது விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சேவியர் அண்ணன் குமரேசனை ஓரமாகக் கூட்டிப்போய், தனியார் மருத்துவமனை பில்லைக் கேட்டார். முதல் தடவை வாங்கிய கூலியைத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. இதையும் ஷெட் கட்டும் என்றார். குமரேசன் தயங்கினார். அவர் கை சட்டைப் பைக்குப் போனதை நான் பார்த்தேன்.

"இன்னா அங்க ரகசியம்?" என்று வேனுக்குள்ளிருந்து அக்கா குரல் கொடுத்தார். மூச்சு வாங்கி வாங்கிப் பேசினார். "அண்ணே, பில்லு கட்டறேன்னு மட்டும் சொல்லாதீங்க."

"ஏம்மா?"

"நீங்க கட்டிட்டா எங்க வூட்டுக்காரு உங்கள திட்ட முடியாது. டெய்லி திட்டிட்டுத்தான் தூங்கறாரு. கெடுக்காதீங்க."

குமரேசன் தலையைக் குனிந்துகொண்டார். ஏழுமலை சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை. கதவருகே போய் நின்றார்.

"எங்க தப்பும்மா அது."

"தெரியும்ணே. அதனாலதான் வேணாங்கறேன். நான் அன்னிக்கி மூச்சுக்கு அல்லாடனது அந்த பில்லுல இல்ல. இருக்கறத கட்டிட்டு, இல்லாதத இன்னா பண்ணுவீங்க?"

அண்ணன் ஒதுங்கி வழிவிட்டார், குமரேசன் வேனில் ஏறிக்கொண்டார். ஏழுமலை கிளட்சை மிதித்தார், எஞ்சின் இறங்கியது, வேன் கிளம்பியது. அந்தச் செலவு அவர்களுடையதாகவே நின்றது. இரண்டு இரவு மருத்துவமனை, மருந்து, சிலிண்டர் எல்லாம் சேர்த்து முப்பத்தெட்டாயிரத்து இருநூறு ரூபாய்.